அம்மாவின் தலைமாட்டுக்கு ஒரு கட்டு வேர்

புரட்டாசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. மொட்டைமாடியில் மூன்றாவது சாக்கைக் கிழித்தோம். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, “மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே கீறு. ஆழமா வுடாத, வேரு அறுந்துபூடும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பிளேடை மெல்ல இழுத்தேன். சாக்கு வாய் பிளந்ததும் மணல் பொலபொலவென்று கொட்டியது. மணல் போன பிறகும் சாக்கின் உருவம் அப்படியே நின்றது. அத்தனையும் வேர். மூன்றடி இறங்கி, அடியைத் தொட்டு, போக இடமில்லாமல் வளைந்து, மறுபடி மேலேறி, சாக்கின் தையல் தடம்கூடப் பதிந்த ஒரு வேர் மூட்டை. அம்மா எழுந்து வந்து ஒரு இழையைக் கிள்ளினார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த இழையை என் கையில் கொடுத்தார்.

வெட்டிவேர் வாசனை தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? புது மண்பானையில் முதல் தடவை தண்ணீர் ஊற்றும்போது ஒரு வாசம் எழும் இல்லையா, அதோடு கொஞ்சம் மரக்கட்டை வாசமும், அடியில் லேசாக ஒரு இனிப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். மல்லிகை மாதிரி வந்து முகத்தில் மோதாது. நீங்கள் சும்மா இருந்தால்தான் வரும்.

இதெல்லாம் ஆரம்பித்தது 2022இல். அந்தத் தை மாதம் அப்பா போய்விட்டார். தியாகவல்லியில் அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல், காரியம் முடிந்த கையோடு கடலூருக்கு, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மாடி வீடு. தலைக்கு மேலே நேராகக் கான்கிரீட் தளம். மாசி வரைக்கும் பரவாயில்லை. பங்குனி பிறந்ததும் இரவு பத்து மணிக்குக்கூட சுவரைத் தொட்டால் சுட்டது. சித்திரையில் அம்மா சுத்தமாகத் தூங்கவில்லை. ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால் பால்கனியில் உட்கார்ந்திருப்பார். மூன்று மணிக்குப் பார்த்தாலும் அங்கேதான். டாக்டரிடம் போனோம். ரத்த அழுத்த மாத்திரையோடு தூக்கத்துக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தார். “போட்டா தூக்கம் வருது. ஆனா விடிஞ்சா தல பாறாங்கல்லாட்டம் கெடக்குது” என்றார் அம்மா.

கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்த ஒரு ராத்திரி. கரண்ட் வேறு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். அம்மா திடீரென்று, “வாசமே இல்லாத வூட்ல எப்படிடி தூங்கறது?” என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. அப்பாவை நினைத்துச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “பரண்ல வேரு கெடக்கும். காத்தடிச்சா எறங்கும்” என்றார்.

அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. அப்பா அரைக்காணியில் வெட்டிவேர் போட்டிருந்தார். விற்றது போக நல்ல வேராகப் பார்த்து இரண்டு கட்டு பரணில் எப்போதும் இருக்கும். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தனியாக ஒரு வாசனை என்றே தோன்றியதில்லை. வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கல்யாணமாகி வந்து 24 வருஷத்தில் நான் அதை மறந்தே போயிருந்தேன். அம்மா 50 வருஷத்துக்கு மேல் அதற்கு அடியில் படுத்தவர்.

சரி, வேர்தானே, வாங்கிவிடலாம் என்று மறுநாளே பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் வாங்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அம்மா சொம்புத் தண்ணீரில் நனைத்துக் கசக்கினார். மூக்கில் வைத்தார். கீழே வைத்துவிட்டார். “இது காச்சின வேரு. எண்ணெய எடுத்துட்டான். இத வச்சு ஒண்ணும் ஆவாது.” எண்ணெய் வடித்த பிறகும் வேர் பார்வைக்கு வேர் மாதிரியேதான் இருக்குமாம். பின்னுவதற்குச் சரி, மணத்துக்கு ஆகாது. அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட ஒன்று: கடையில் வெட்டிவேர் வாங்கினால் அங்கேயே ஒரு இழையை ஈர விரலால் கசக்கிப் பாருங்கள். காய்ந்த நிலையில் நல்ல வேர்கூட அடங்கித்தான் இருக்கும். ஈரம் பட்டதும் எழுந்துவிட வேண்டும். எழவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அந்த வார சனிக்கிழமை தியாகவல்லிக்குப் போனேன். அப்பாவின் நிலத்தை மாமாதான் குத்தகைக்குப் பார்க்கிறார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி, நடுத்திட்டு என்று கடலோரமாகவே இறங்கினால் சவுக்குத் தோப்புக்கும் மணல் மேட்டுக்கும் நடுவே வெட்டிவேர் வயல்கள் இருக்கும். கடல் மணல் பூமி, கையால் தோண்டினாலே ஊற்று வரும் ஆழத்தில் தண்ணீர். நெல்லுக்குச் சரிப்படாத அந்த மணல்தான் இந்த வேருக்குச் சொர்க்கம். வெட்டிவேர் ஒரு புல். களிமண்ணிலும் அது வளரும், ஆனால் வேரை முழுசாக எடுக்க முடியாது. மணலில் வளர்ந்தது நூல் நூலாக, அறுபடாமல் வரும்.

மாமா ஒரு தூரைப் பெயர்த்து எடுத்து, கன்று கன்றாகப் பிரித்தார். மேலே தோகையை ஒரு சாண் விட்டு வெட்டினார். கீழே வேரை இரண்டு விரற்கடை விட்டு வெட்டினார். மிஞ்சிய நடுத்துண்டுதான் நாற்று. அந்தப் பக்கத்து வெட்டிவேர் விதையிலிருந்து வருவதில்லை. தலைமுறை தலைமுறையாக இந்தத் துண்டிலிருந்துதான். மேலேயும் வெட்டி, கீழேயும் வெட்டி நடுகிறோம், அதனால்தான் வெட்டிவேர் என்று பேர் என்பார் அம்மா. மாமா 20 நாற்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டு, “மாடியில எங்கம்மா இதெல்லாம் வளரப் போவுது. வேருதான் வேணும்னா இங்கேர்ந்தே எடுத்துனு போயேன்” என்றார். வேரும் ஒரு கட்டு கொடுத்தனுப்பினார். அதைத் தலைமாட்டில் வைத்த அன்றைக்கு அம்மா நாலரை மணி வரை எழுந்திருக்கவில்லை.

வேர் கிடைத்துவிட்டதே, அப்புறம் ஏன் வளர்க்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நாற்றைக் கையில் வாங்கியபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தவள் நான். அப்பா போனதிலிருந்து அந்தக் கைகளுக்கு எங்கள் வீட்டில் வேலையே இல்லை. காய் நறுக்கக்கூட நான் விடவில்லை, ஓய்வு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு.

முதல் வருஷம் தப்புத் தப்பாகச் செய்தேன். அம்மா மணல் வேண்டும் என்று சொன்னதைக் கேட்காமல், நல்ல சத்தாக இருக்கட்டும் என்று தோட்டத்துக் கருப்பு மண்ணையும் மக்கிய சாணியையும் சரிபாதி கலந்து நிரப்பினேன். புல் என்னமாய் வளர்ந்தது! நான்கு மாதத்தில் என் தோள் உயரம். எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா மட்டும், “ராஜா வீட்டுப் புள்ளையாட்டம் வளத்துட்ட. மேல கொழுத்தா கீழ தேடாது” என்றார். ஏழாவது மாதம் பொறுக்க முடியாமல் ஒரு சாக்கைப் பிரித்தேன். மண் கட்டி கட்டியாக வேரைப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் அறுந்தது, கழுவினால் சேறு. கடைசியில் மிஞ்சியது ஒரு கைப்பிடி. வெள்ளையாக, இளசாக, மணமே இல்லாமல். வேர் முற்ற வேண்டும். குறைந்தது 10 மாதம், ஒரு வருஷம் விட்டால் நல்லது, எண்ணெய்க்காக வளர்ப்பவர்கள் அதற்கு மேலும் விடுவார்கள். முற்றிய வேர் வெளிர் மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்கு வந்திருக்கும், கையில் முறுக்கினால் கம்பி மாதிரி எதிர்க்கும்.

2023 ஆடியில் அம்மா சொன்னபடி போட்டோம். 100 கிலோ நெல் சாக்கு, மூன்றடி உயரம் வரும். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் ஒரே வருஷத்தில் பொடிந்துவிடும் என்பதால் வெளியே ஒரு சணல் சாக்கு. மூன்று பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு செம்மண், இரண்டு கை மக்கிய எரு, அவ்வளவுதான். அடியிலும் பக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு ஓட்டை. கீழே செங்கல். ஒரு சாக்குக்கு மூன்று நாற்று. மணல் நிரம்பிய சாக்கு சாதாரணமாக 100 கிலோவைத் தாண்டிவிடும், அதனால் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி, கீழே பீம் ஓடும் இடமாகப் பார்த்து வையுங்கள். என் கணவர் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் வைக்க விட்டார். முதல் மாதம் தினமும் தண்ணீர், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். நாள் முழுக்க வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் புல்லும் சோம்பும், வேரும் சோம்பும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை தோகையை ஓரடி விட்டு வெட்டினால் பக்கக் கன்று வெடித்துத் தூர் கட்டும். வெட்டிய தோகையை அப்படியே சாக்கின் மேல் மூடாக்காகப் போட்டுவிடுவோம்.

பக்கத்து வீட்டு அக்கா மாடிக்கு வரும்போதெல்லாம் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து, “வாசனையே காணமே, எலுமிச்சைப் புல்லுதான் உனக்குக் குடுத்து ஏமாத்திட்டாங்களா?” என்பார். நேர் எதிர். எலுமிச்சைப் புல்லைக் கிள்ளினால் கை மணக்கும். வெட்டிவேர் இலையில் மணம் கிடையாது. மாடியில் இரண்டும் ஒரே மாதிரி நிற்கும்போது அதுதான் அடையாளம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர்களே மாற்றிக் கொடுக்கிறார்கள். விலாமிச்சை வேர் வேறு, வெட்டிவேர் வேறு. விலாமிச்சை துளசிக் குடும்பத்துச் செடி. வெட்டிவேர் புல். டெங்கு காலத்தில் நாமெல்லாம் வரிசையில் நின்று குடித்த நிலவேம்புக் குடிநீர் இருக்கிறதே, அதில் சேரும் ஒன்பது சரக்கில் இந்த இரண்டு வேரும் தனித்தனியாக இடம்பெறும். சித்த மருத்துவத்தில் வெட்டிவேரைக் குளிர்ச்சி என்றும், பித்தத்தையும் உடம்புச் சூட்டையும் தணிக்கும் என்றும் சொல்வார்கள். காய்ச்சல் கஷாயத்திலும் சேரும், குளியல் பொடியிலும் சேரும்.

2024 புரட்டாசியில் அந்தச் சாக்குகளைப் பிரித்தபோதுதான் முதல் உண்மையான வேரைப் பார்த்தோம். அன்றைக்கே புது மணலில் நாற்றை மறுபடி நட்டோம். நட்டு இரண்டு மாதம் ஆவதற்குள் ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 ராத்திரி அது புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது எங்கள் மாடியில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்கவே தைரியம் வரவில்லை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி ஊரைச் சுற்றி வளைத்தது. அந்தக் களேபரத்தில் செடிகளை நினைக்க யாருக்கு நேரம்? நாலாம் நாள் மேலே போனேன். முருங்கை ஒடிந்து கிடந்தது. கொய்யாத் தொட்டி உருண்டுபோய் மூலையில் இருந்தது. வெட்டிவேர் மட்டும் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தது, சாக்கின் மேல் தண்ணீர் தேங்கி நின்றது. அம்மாவை மேலே அழைத்து வந்தபோது, “இது முழுகிக் கெடந்தாக்கூட சாவாது” என்றார். ஒரே வாரத்தில் நிமிர்ந்துவிட்டது. ஆற்றங்கரையிலும் வரப்பிலும் இதை வரிசையாக வைத்தால் மண் கரையாது என்று நம் விவசாயிகளுக்குத் தெரியும். 1980களில் உலக வங்கியே இந்தப் புல் வேலியை மண் அரிப்புக்கு மருந்தாக எடுத்துக்கொண்டு பல நாடுகளுக்குப் பரப்பியது. பத்தடிக்கும் கீழே நேராக இறங்கக்கூடிய வேர். நாங்கள் அதற்குக் கொடுத்தது மூன்றடிச் சாக்கு.

இந்த வருஷ வேருக்கு வருகிறேன். சாக்கைக் கிழித்ததும் ஹோஸ் பைப்பால் மெதுவாக மணலைக் கரைத்தோம். ஊற வைக்கக் கூடாது, அலச வேண்டும், அவ்வளவுதான். அம்மா ஒரு அகலமான அன்னக்கூடையில் தண்ணீர் வைத்துக்கொண்டு, தலைமுடி அலசுகிற மாதிரி ஒவ்வொரு கொத்தாக அலசினார். 74 வயது. உள்ளங்கையில் ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும் கைகள். மணல் ஒரு பொட்டு இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் சுத்தம் என்று ஒதுக்கி வைத்ததையெல்லாம் எடுத்து மறுபடி அலசினார். நடுவே, எந்த வருஷம் எந்த மூலையில் வேர் நன்றாக இறங்கியது, அப்பா எந்த வியாபாரியோடு விலைக்குச் சண்டை போட்டார் என்று பேசிக்கொண்டே இருந்தார். அப்பாவைப் பற்றி அழாமல் அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

காய வைப்பது நிழலில்தான். வெயிலில் போட்டால் எண்ணெய் போய்விடும். கூடத்தில் பழைய வேட்டியை விரித்து, மேலே மின்விசிறியை இரண்டில் வைத்து, நான்கு நாள். அந்த நான்கு நாளும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலிலேயே நின்று, “என்ன, கோயிலாட்டம் இருக்கு?” என்று கேட்டார்கள். மூன்று சாக்கிலிருந்து காய்ந்த எடை 600 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. வியாபாரக் கணக்குக்கு இது ஒன்றுமே இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு இது ஏராளம்.

எப்படியெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று கேட்பீர்கள். எல்லாவற்றிலும் அம்மாவுக்குப் பிடித்தது விசிறி. பனையோலை விசிறியின் விளிம்பு முழுக்க வேரைப் பட்டையாக வைத்து, கோணி ஊசியும் நூலும் கொண்டு தைத்துவிடுவார். படுக்கப் போகும் முன் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, ஐந்து விரலையும் நனைத்து விசிறி மேல் உதறுவார். உடனே ஒன்றும் வராது. இரண்டு நிமிஷம் விசிறியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஈரம் உள்ளே போக வேண்டும். அப்புறம் விசிற ஆரம்பித்தால், முதல் நாலு வீச்சு வெறும் குளிர்காற்று. ஐந்தாவதில் வாசம் வரும். அதற்குள் அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பத்து நிமிஷத்தில் விசிறுகிற கை தானாக மெதுவாகும். விசிறி நெஞ்சின் மேல் சாயும்போது நான் போய் எடுத்து வைப்பேன்.

தலையணையில் இலவம்பஞ்சுக்கு நடுவே மெல்லிய துணிப்பையில் ஒரு பிடி வேர். மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் உலர்த்தி மறுபடி வைத்துவிடுவோம். இந்த வேரில் இருக்கும் எண்ணெய் கனமானது, சுலபத்தில் ஆவியாகாது. அதனால்தான் வாசனைத் திரவியம் செய்பவர்கள் மற்ற மணங்களைப் பிடித்து நிறுத்த இதை அடியில் சேர்க்கிறார்கள். நமக்கு அதில் லாபம் என்னவென்றால் ஒரே வேர் மாதக்கணக்கில் உழைக்கும்.

மண்பானைத் தண்ணீருக்கு, நன்றாகக் கழுவிய வேரை வெள்ளைத் துணியில் முடிந்து போடுவோம். ஐந்து லிட்டர் பானைக்கு ஒரு சின்ன முடிச்சு போதும். இரண்டு நாளுக்கு மேல் விடுவதில்லை. எடுத்து அலசி, எலும்பாய்க் காய வைத்து, மறுபடி நாலைந்து தடவை போடலாம். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடித்துவிடும், அந்த முடிச்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும். தலைக்கு, தேங்காய் எண்ணெயில் வேரைப் பொடியாக நறுக்கிப் போட்டு பத்து நாள் வெயிலில் வைத்து வடிகட்டுவது. பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூவோடு சேர்த்து அரைத்தால் குளியல் பொடி. வெட்டிவேரை அரைக்க மிக்ஸி லாயக்கில்லை, நார் சுற்றிக்கொள்ளும். நறுக்கிக் காயவைத்து மில்லில் கொடுங்கள். கடையில் விற்கும் சுத்த வெட்டிவேர் எண்ணெயை மட்டும் தண்ணீரில் கலந்து குடிக்கிற வேலை வேண்டாம். வேர் ஊறிய தண்ணீர் வேறு, வடித்த எண்ணெய் வேறு.

இதனால் தூக்க மாத்திரை நின்றுவிட்டதா என்று என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் கேட்டார். நிற்கவில்லை. போன வருஷம் டாக்டரே பார்த்து அதைப் பாதியாகக் குறைத்தார். அதற்கு வேர் காரணமா, சாயங்காலம் மாடியில் அம்மா நடப்பது காரணமா, துக்கம் கொஞ்சம் ஆறியது காரணமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, பிரிக்கவும் எனக்கு ஆசையில்லை. வேரை நம்பி யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்: ஒரு மணிக்குப் பால்கனியில் உட்கார்ந்திருந்தவர் இப்போது பெரும்பாலான ராத்திரிகளில் படுக்கையில் இருக்கிறார்.

மகள் புதுச்சேரியில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது ஒரு சின்ன சென்ட் பாட்டில் கொண்டு வந்தாள், பிரெஞ்சுக்காரர்கள் தயாரிப்பு. “ஆயா, இதும் பேரு என்னா தெரியுமா? வெத்திவேர்” என்றாள். பிரெஞ்சு மொழிக்கு அந்தச் சொல்லே தமிழிலிருந்து போனதுதான். ஆங்கிலத்துக்கும் அங்கிருந்துதான் போனது. ரீயூனியன் தீவில் இந்த வேரை வளர்த்து எண்ணெய் எடுத்துப் பாரிசுக்கு அனுப்பினார்கள். அதே தீவுக்குத்தான் போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்களைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேற்றினார்கள். இதையெல்லாம் மகள் சொல்லச் சொல்ல அம்மா பாட்டிலைத் திறந்து மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். வெகுநேரம் முகர்ந்தார். “நம்ம வேருதான். ஆனா கூட என்னமோ கலந்துருக்கான். மண்ணு வாசம் போயிடுச்சு” என்றார். பிறகு உள்ளே போய் அவருடைய விசிறியை எடுத்து வந்து, தண்ணீர் தெளித்து, இரண்டு நிமிஷம் காத்திருந்து, பேத்திக்கு வீசிக் காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “தியாகவல்லி வீடு” என்றாள். அந்த வீட்டில் அவள் இருந்ததெல்லாம் கோடை விடுமுறைகளில் மட்டும்தான்.

பிரித்த தூர்களில் இந்தத் தடவை 40 நாற்றுக்கு மேல் கிடைத்தது. அடுத்து நாங்கள் போடும் நான்கு சாக்குக்குப் பன்னிரண்டு போதும். மீதியை அம்மா ஈரச் சாக்கில் சுற்றி, ஐந்து ஐந்தாக வாழைநாரால் கட்டி வைத்தார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று, புதுச்சேரி அறையின் ஜன்னலோரத்துக்கு பேத்திக்கு ஒன்று. ஜன்னலோரத்தில் வைத்தால் வேர் இறங்காதே என்றேன். “எறங்கலன்னா எடுத்துனு இங்க வருவா இல்ல” என்றார் அம்மா.